எக்ஸ்இசட் பின்கதவுக்குப் பிறகும் லினக்ஸை நம்பலாமா?

கேள்வி: லினக்ஸ் பாதுகாப்பானது, அதன் நிரலை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லித்தான் எங்கள் சின்ன அலுவலகத்தில் இரண்டு சர்வர்களில் உபுண்டு போட்டோம். ஒன்று 22.04, இன்னொன்று பழைய 18.04. இப்போது எக்ஸ்இசட் பின்கதவு (மென்பொருளுக்குள் ரகசியமாக வைத்த நுழைவழி) பற்றிப் படித்தேன். யாரோ ஒருவர் வருடக்கணக்கில் நல்லவராக நடித்து உள்ளே புகுந்துவிட்டாராம். அந்த ஆயிரம் கண்கள் எங்கே போயின? இதற்கு விண்டோஸே மேல் இல்லையா? அப்பாவின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதை எடுத்துவிட வேண்டுமா?

பதில்:

அப்பாவின் மின்ட் அப்படியே இருக்கட்டும். உங்கள் 22.04 சர்வருக்குள் அந்தப் பின்கதவு வரவே இல்லை. 18.04 விஷயத்தில் கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் அதற்கும் எக்ஸ்இசட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கண்கள் எங்கே போயின என்ற கேள்வி. அது நியாயமான கேள்வி. லினக்ஸ் ஆட்கள் பலர் அதற்கு மழுப்பலாகத்தான் பதில் சொல்கிறார்கள்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். லினக்ஸின் மையமான கெர்னலின் பகுதி அல்ல, ஆனால் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த லாஸி கோலின் என்பவர் பல ஆண்டுகளாகச் சம்பளம் இல்லாமல், பெரும்பாலும் தனி ஆளாகவே அதைப் பார்த்துக்கொண்டு வந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். நல்ல திருத்தங்கள்தான். 2022-இல் ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்று இன்னும் சில பெயர்கள் வந்து சேர்ந்தன. இவர்கள் நிரல் எதுவும் எழுதவில்லை. 'ஏன் இவ்வளவு தாமதம்', 'வேறு பராமரிப்பாளர் வராமல் இது நகராது' என்று நச்சரிப்பது மட்டும்தான் இவர்கள் வேலை. தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் கோலின் அதே 2022 ஜூனில் பொதுவெளியிலேயே எழுதினார். அதற்கும் பதிலாக வந்தது இன்னும் கொஞ்சம் நச்சரிப்பு. அந்தப் பெயர்களுக்கு இணையத்தில் வேறெங்கும் சுவடே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாம் ஒரே கூட்டத்தின் கைவரிசை என்றுதான் விஷயம் தெரிந்தவர்கள் பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

கடைசியில் ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார். புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையும் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1. இந்த இரண்டிலும்தான் விஷம் இருந்தது.

அதை ஒளித்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஒரு சுருக்கும் மென்பொருளைச் சோதிக்க, கெட்டுப்போன கோப்புகள் சில வேண்டும். அப்படிப்பட்ட கோப்பைக் கொடுத்தால் மென்பொருள் தடுமாறாமல் பிழை சொல்கிறதா என்று பார்ப்பதற்காக. ஜியா டான் அப்படி ஒரு 'கெட்டுப்போன' கோப்பைச் சோதனைக் கோப்புகளோடு சேர்த்தார். அது உண்மையில் கெட்டுப்போனதே அல்ல. உள்ளே டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ், ஸ்பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் டேப், அதேபோல ஹைஃபனும் அண்டர்ஸ்கோரும் இடம் மாற்றப்பட்டிருந்தன. ஒரே ஒரு கட்டளையில் திருப்பிப் போட்டால் முழுசான கோப்பு வந்துவிடும். அதற்குள் ஒரு ஸ்கிரிப்ட், அந்த ஸ்கிரிப்ட் இன்னொரு சோதனைக் கோப்பைப் பிரிக்கும், அங்கிருந்துதான் பின்கதவின் நிரல் வெளியே வரும். சோதனைக் கோப்பு என்பது பைனரி, அதாவது மனிதர் படிக்கும் எழுத்தாக இல்லாத கோப்பு. அதை யாரும் வரி வரியாகப் படிக்க மாட்டார்கள், படித்தாலும் புரியாது.

சரி, அந்தக் கட்டளையை இயக்குவது யார்? அது கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும் மூல நிரலில் இல்லவே இல்லை. பதிப்பு வெளியிடும்போது டார்பால் என்று ஒரு பொட்டலம் கட்டி வைப்பார்கள். டெபியன், ஃபெடோரா போன்ற டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் திட்டங்கள்) அதை எடுத்துத்தான் தங்கள் பேக்கேஜைத் தயாரிக்கின்றன. தூண்டிவிடும் வரிகள் அந்தப் பொட்டலத்தில் மட்டும் இருந்தன. கண்ணாடி வைத்த சமையலறையை எத்தனை பேர் எட்டிப் பார்த்தாலும், பார்சல் பின்கட்டில் கட்டப்பட்டால் என்ன பயன்? டார்பாலில் தானாக உருவாக்கப்பட்ட கோப்புகள் கூடுதலாக இருப்பது பல பத்தாண்டுகளாக உள்ள வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்குக் கேட்டால், இந்த முழுக் கதையிலும் வெட்கப்பட வேண்டிய பகுதி இந்த வழக்கம்தான். ஒரு தனி மனிதரின் களைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. பொட்டலமும் மூல நிரலும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்ட பெரிய டிஸ்ட்ரோக்களைச் சொல்லலாம்.

இலக்கு எக்ஸ்இசட் அல்ல. சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய நாம் பயன்படுத்தும் எஸ்எஸ்எச்தான். லினக்ஸில் அந்த வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளை எழுதுகிற ஓப்பன்பிஎஸ்டி ஆட்கள் எக்ஸ்இசட்டைத் தொடுவதே இல்லை. ஆனால் டெபியனும் ஃபெடோராவும் இன்னும் சிலரும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் தாங்களாக ஒரு ஒட்டு (கூடுதல் நிரல்) போட்டிருந்தார்கள். சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டிக்கு, சர்வீஸ் தயார் என்று சொல்வதற்காக. ஒரு சாக்கெட்டில் ஒரு சிறு செய்தி எழுதினால் முடிகிற வேலை. அதற்காக முழு சிஸ்டம்டி நூலகத்தையே (பிற மென்பொருள்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பையே) இழுத்து வந்தார்கள், அது எக்ஸ்இசட் நூலகத்தை இழுத்து வந்தது. ரூட், அதாவது முழு அனுமதியோடு ஓடும் ஒரு புரோகிராமுக்குள் கோப்பு சுருக்கும் நூலகம் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். உள்ளே வந்த பின்கதவு, எஸ்எஸ்எச் சாவியைச் சரிபார்க்கும் இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டது. தாக்குபவரிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியால் கையெழுத்திட்ட கட்டளை வந்தால், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அதை இயக்கும். வேறு யாருக்கும் ஒரு அறிகுறியும் தெரியாது.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லியாக வேண்டும், படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. எஸ்எஸ்எச் சர்வரை ஒரு டெர்மினலிலிருந்து கையால் இயக்கினால் இந்தப் பின்கதவு விழித்துக்கொள்ளாது. டெர்மினலைக் குறிக்கும் ஒரு மாறி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும், இருந்தால் சும்மா படுத்துக்கொள்ளும். ஏனென்றால் கையால் இயக்கிப் பார்ப்பவர் பிழை தேடும் டெவலப்பராகத்தான் இருப்பார். இன்னோர் இடத்தில், லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் நிரலில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியைக் கூடுதலாக வைத்திருந்தார்கள். புள்ளி இருப்பதால் சோதனை நிரல் கம்பைல் ஆகாது, அதாவது இயங்கும் வடிவத்துக்கு மாறாது. ஆகாவிட்டால் 'இந்தக் கணினியில் அந்த வசதி இல்லை போலிருக்கிறது' என்று அமைதியாக அதை அணைத்துவிட்டு மேலே போகும். இத்தனைக்கும் இந்தப் புள்ளி எல்லோரும் பார்க்கக்கூடிய மூல நிரலிலேயே இருந்தது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

ஆக, போதுமான கண்கள் இருந்தால் எல்லாப் பிழைகளும் மேலாகத் தெரிந்துவிடும் என்று புரோகிராமர் எரிக் ரேமண்ட் சொன்னதும், அதற்கு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரை வைத்ததும் தற்செயலான பிழைகளைப் பற்றித்தான். திட்டமிட்டு மறைப்பவனுக்கு அது பொருந்தாது. தற்செயலான பிழைக்கே எப்போதும் பொருந்துவதில்லை. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை 2012-இல் நுழைந்து 2014 ஏப்ரல் வரை உலகமே பயன்படுத்திய நிரலில் திறந்தபடி கிடந்தது. அந்தத் திட்டத்துக்கு வருடம் முழுக்க வந்த நன்கொடை அப்போது சுமார் 2,000 டாலர். பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதன்மேல்தான் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தன. நிரல் திறந்திருக்கிறது என்றால் யாரும் பார்க்கலாம் என்று மட்டும்தான் பொருள். பார்த்தே தீர வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

அப்படியென்றால் ஓப்பன் சோர்ஸால் என்னதான் லாபம்? அதற்குப் பதில் பிடிபட்ட கதையில் இருக்கிறது.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டெவலப்பர். டெபியனின் சோதனைப் பதிப்பு ஒன்றில் டேட்டாபேஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவுகள் சிபியுவை வழக்கத்துக்கு அதிகமாகத் தின்பது கண்ணில் பட்டது. அளந்து பார்த்தார். முன்பு 0.299 விநாடி எடுத்தது இப்போது 0.807. அரை விநாடி வித்தியாசம். வேறு யாராவது என்றால் நெட் மந்தம் என்று விட்டிருப்பார்கள். சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் எக்ஸ்இசட் பெயரோடு, நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவி காட்டிய விநோதமான எச்சரிக்கைகள் அவர் நினைவுக்கு வந்தன. நூல் பிடித்துப் போனார். 2024 மார்ச் 29 அன்று எல்லாவற்றையும் பொதுவில் போட்டு உடைத்தார். தான் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இல்லை என்றும் அதிலேயே சொல்லியிருந்தார். இந்தப் பின்கதவுக்குக் கிடைத்த ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து.

இதில் அதிர்ஷ்டம் எவ்வளவு, அமைப்பின் பலம் எவ்வளவு என்று இன்னும் சண்டை நடக்கிறது. கவனித்தது அதிர்ஷ்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கவனித்த பிறகு நடந்ததைப் பாருங்கள். ஒரு டேட்டாபேஸ் ஆள், யாரிடமும் அனுமதி வாங்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே டார்பாலையும் மூல நிரலையும் ஒப்பிட்டு, ஆதாரத்தோடு குற்றவாளி நிரலில் செய்த மாற்றம் (கமிட்) வரைக்கும் போக முடிந்தது. அவர் எழுதிய வேகத்தில் டிஸ்ட்ரோக்கள் பழைய பதிப்புக்குத் திரும்பின. கோலின் 2021 முதலான மாற்றங்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டு மே 29 அன்று சுத்தமான 5.6.2-ஐ வெளியிட்டார்.

விண்டோஸே மேல் இல்லையா என்று கேட்டீர்களே, ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஃப்ராய்ண்ட் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்ட்டில்.

வேடிக்கை இருக்கட்டும். மூடிய மென்பொருளில் இதே கதை நடந்ததற்கு உதாரணம் சோலார்விண்ட்ஸ். அந்த நிறுவனம் மென்பொருளைக் கட்டித் தயாரிக்கும் பில்ட் அமைப்புக்குள் புகுந்து, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் அதன் ஓரியன் மென்பொருளில் பின்கதவு வைத்தார்கள். நிறுவனத்தின் சொந்த டிஜிட்டல் கையெழுத்தோடேயே அது 2020 மார்ச் முதல் வாடிக்கையாளர்களுக்கு அப்டேட்டாகப் போனது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை இறக்கிக்கொண்டார்கள். வெளியே தெரிந்தது அதே ஆண்டு டிசம்பரில். ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் தானே பாதிக்கப்பட்டு, தன் வீட்டுக்குள் திருடன் வந்த வழியைத் தேடியதால்தான் தெரிந்தது. எக்ஸ்இசட் பின்கதவு பிப்ரவரி கடைசியில் வந்து மார்ச் கடைசியில் பிடிபட்டது. பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே. ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகள், டெபியனின் சோதனைக் கிளைகள், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காலி லினக்ஸ் போன்றவற்றோடு நின்றுவிட்டது. உபுண்டு 24.04-க்குள் 5.6.1-ஐச் சேர்க்கும்படி ஜியா டான் மார்ச் 28 அன்று விண்ணப்பம் போட்டிருந்தார். மறுநாளே குட்டு உடைந்தது. உபுண்டு தன் பீட்டாவை (சோதனை வெளியீட்டை) ஒரு வாரம் தள்ளிவைத்து, அந்த விஷ நிரல் வந்த பிறகு கட்டிய பேக்கேஜ்களை எல்லாம் மறுபடி கம்பைல் செய்தது.

சரி, அப்புறம் என்ன மாறியது என்றால், கொஞ்சம் மாறியது. ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 பதிப்பில் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்லும் அந்தச் சில வரிகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள், நூலகம் தேவையில்லை. டார்பாலை விட்டு நேரடியாக மூல நிரலிலிருந்தே பேக்கேஜ் கட்ட வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. பராமரிப்பாளர்கள் எல்லோரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்றும் சிலர் கிளம்பினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வருடக்கணக்கில் பொறுமையாக நடித்தவனுக்குப் போலி பாஸ்போர்ட் ஒரு பெரிய செலவா? புனைபெயரில் நல்ல வேலை செய்யும் நூறு பேர்தான் விலகிப் போவார்கள்.

மாறாதது, தனி ஆளாக உட்கார்ந்திருக்கும் பராமரிப்பாளரின் நிலைமை. பணம் கொடுங்கள் என்கிறார்கள், கொடுக்கட்டும். ஆனால் கோலினுக்கு அன்று அதைவிட அவசரமாகத் தேவைப்பட்டது நம்பகமான இரண்டாவது ஆள். அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் ஜியா டான் வந்தார். எக்ஸ்இசட்டைத் தன் பொருளில் வைத்து விற்கும் எந்தப் பெரிய நிறுவனமும் ஒரு பொறியாளரை வாரத்தில் அரை நாள் அனுப்பியிருக்கலாம். இப்போது இந்தத் தனி ஆட்களுக்குத் தலைவலி கூடியிருக்கிறது. இணையத்தில் தரவு பரிமாறப் பயன்படும் கர்ல் மென்பொருளின் பராமரிப்பாளர் டேனியல் ஸ்டென்பர்க், ஏஐ எழுதிய போலிப் பாதுகாப்புப் புகார்கள் தன் நேரத்தை விழுங்குவதாக 2024 தொடக்கத்திலிருந்தே புலம்பி வருகிறார். பார்த்தால் நிஜம் மாதிரியே இருக்கும், ஆராய்ந்தால் அப்படி ஒரு ஃபங்ஷனே நிரலில் இருக்காது.

அடுத்து செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் பயத்தில் பாதி தலைப்புகளால் வந்தது. 2024 செப்டம்பரில் 'எல்லா லினக்ஸையும் பாதிக்கும் 9.9 ஓட்டை' என்று சில நாள் முன்கூட்டியே பரபரப்பைக் கிளப்பினார்கள். வெளியானபோது அது பிரிண்டர்களைத் தேடும் ஒரு சர்வீஸில் இருந்த ஓட்டை. அந்த சர்வீஸ் ஓட வேண்டும், 631 போர்ட் (நெட்வொர்க் வாசல்) வெளியாருக்குத் திறந்திருக்க வேண்டும், அதற்கு மேல் தாக்குபவர் வைத்த போலி பிரிண்டரில் நீங்களே போய் ஏதாவது அச்சிட வேண்டும். திருத்த வேண்டிய ஓட்டைதான், அதில் மறுப்பில்லை. தூக்கம் கெட வேண்டிய ஓட்டை அல்ல.

மாறாக, அதே ஆண்டு ஜூலை 1 அன்று வெளியான ரெக்ரெஷன் என்ற எஸ்எஸ்எச் ஓட்டை உங்கள் 22.04 சர்வரை நேரடியாகத் தொட்டது. 2006-இல் அடைத்த ஓட்டை 2020-இல் ஒரு மாற்றத்தின்போது தெரியாமல் மறுபடி திறந்துகொண்டது. யாருடைய சதியும் இல்லை. வெளியே எக்ஸ்இசட் அளவுக்குப் பேச்சு இல்லை, சினிமாக் கதை மாதிரி எதுவும் இல்லாததால். ஆனால் உங்களுக்கு முக்கியம் இதுதான். ஒரு பாதுகாப்புச் செய்தி கண்ணில் பட்டால் எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, என்னிடம் அது ஓடுகிறதா, வெளியிலிருந்து எட்டுமா என்று மட்டும் பாருங்கள். தலைப்பில் லினக்ஸ் என்று பொதுவாகப் போட்டிருந்தால், உள்ளே போய்ப் பேக்கேஜ் பெயரைத் தேடும் வரை பதற வேண்டாம்.

இனி உங்கள் கணினிகள். 22.04-இல் இருப்பது எக்ஸ்இசட் 5.2.5, பின்கதவுக்கு முந்தியது. பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏறும்படிதான் உபுண்டு வருகிறது. யாராவது அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 'அப்டேட் போட்டால் சாஃப்ட்வேர் படுத்துவிடும்' என்று சொல்லி அணைத்து வைக்கும் வெண்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எஸ்எஸ்எச் உள்நுழைவைச் சாவிக்கு மாற்றிக் கடவுச்சொல்லை நிறுத்துங்கள். வெளி உலகத்துக்கு அந்த போர்ட் தேவையில்லை என்றால் விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள். இந்தக் கடைசி வேலை ஒன்றைச் செய்திருந்தால், எக்ஸ்இசட் பின்கதவே வந்திருந்தாலும் அதன் சொந்தக்காரரால் வெளியிலிருந்து உங்கள் சர்வரைத் தொட்டிருக்க முடியாது.

18.04-க்கான பொது ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு வெளியான ஓட்டைகள் எல்லாம் அதில் அப்படியே திறந்து கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த யாரும் வருடக்கணக்கில் நடிக்கத் தேவையில்லை, இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்ட் போதும். உடனே மாற்ற முடியாத நிலை என்றால், பழைய பதிப்புகளுக்கும் நீட்டித்த ஆதரவு தரும் உபுண்டு புரோவில் பதிவு செய்யுங்கள். ஐந்து கணினிகள் வரை இலவசம், 18.04-க்கும் 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். அது தற்காலிக ஏற்பாடுதான். புது சர்வருக்கு மாற ஒரு தேதியை இப்போதே குறித்துவிடுங்கள்.

அப்பாவின் மின்ட்டில் எஸ்எஸ்எச் சர்வர் வழக்கமாக நிறுவப்பட்டே இருக்காது. நீங்கள் தொலைவிலிருந்து உதவி செய்வதற்காகப் போட்டிருந்தால் ஒழிய. அதில் அப்டேட் மேனேஜரைத் திறந்து தானியங்கி அப்டேட்டை நீங்களே இயக்க வேண்டும், அதுவாக இயங்காது. மின்ட் 22 அல்லது உபுண்டு 24.04 என்றால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்இசட் பேக்கேஜின் பதிப்பைப் பார்த்தால் 5.6.1 என்று தொடங்கி உங்களைத் தூக்கிப் போடும். முழுசாகப் படியுங்கள், '5.6.1+ரியலி5.4.5' என்று இருக்கும். எண் பின்னால் போனால் பேக்கேஜ் மேனேஜர் அதைப் புதியதாக ஏற்காது என்பதால், பழைய நல்ல 5.4.5-க்கே பெரிய எண்ணை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அது சுத்தமான பதிப்பு.